பீர் குழாய்க்குள் ஓர் ஆப்பு

அந்தக் காலத்தில் போர்ட் பிளேரில் குழாய் வேலை பார்த்த எவனுக்கும் ஒரே ஒரு வியாதிக்குத்தான் வைத்தியம் தெரியும். தண்ணீர் வரவில்லை என்பதுதான் அந்த வியாதி. வருடத்தில் பாதி நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், சுற்றிலும் கடல் வேறு. ஆனால் குழாயைத் திறந்தால் சளி பிடித்த மூக்கு மாதிரிதான் ஒழுகும். "ஏம்ப்பா, எங்க வீட்டுல தண்ணி ரொம்ப வேகமா வருது, வந்து கொஞ்சம் குறைச்சுக் குடு" என்று என்னை ஒரு ஜீவன் கூப்பிட்டதில்லை. ஆகவே குழாய்க்குள் எது வழியை மறித்தாலும் அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதே என் தொழில் தர்மம். அதே தர்மத்தைப் பீர் குழாயிலும் கடைப்பிடித்ததில்தான் என் மானம் கப்பலேறியது.

அப்போது நான் ஊர் ஓரத்து டாலிகஞ்சில் ஓர் அறையில் ஒண்டிக்கட்டையாகக் கிடந்தேன். ஊரில் பெரிய அதிகாரிகள் கூடும் கிளப்பில் பட்லராக இருந்தவர் வேலாயுதம் மாமா. (உறவெல்லாம் ஒன்றும் கிடையாது. அவர் மகள் சரோஜாவைப் பார்த்த நாளிலிருந்து நானாகவே அவரை மாமா ஆக்கிக்கொண்டேன்.) சரோஜாவுக்கு என்மேல் பிரியம் இருந்தது, மாமாவுக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் மதுரையிலிருந்து ஒரு குமாஸ்தா மாப்பிள்ளையின் ஜாதகம் கப்பலில் வந்து சேர்ந்திருந்தது. கப்பல் திரும்பிப் போகும்போது அதற்குப் பதில் கடிதமும் போயாக வேண்டும்.

அதே கப்பலில்தான் அந்தப் பீப்பாயும் வந்தது. பெரிய சாஹிப் ஒருவர் மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போவதால் கிளப்பில் பிரிவு உபசார விருந்து. பாட்டில் பீர் கொடுத்தால் கௌரவம் இல்லை என்று கிளப் செக்ரட்டரி தாஸ் பாபு கல்கத்தாவிலிருந்து ஒரு பீப்பாய் பீர், கேஸ் சிலிண்டர், மாதிரிக்கு இரண்டு குழாய் எல்லாம் வரவழைத்திருந்தார். ஒரு குழாயை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிடலாம். தேர்ந்தெடுப்பதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

"இந்தக் குழாயை மட்டும் ஒழுங்கா மாட்டிக் குடுத்துரு. என் மானம் இதுலதான் இருக்கு" என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தி, "மத்த விஷயத்தை அப்புறம் பேசுவோம்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு குழாய்களும் மேஜைமேல் இருந்தன. ஒன்று சாதாரணம், ஒரே கைப்பிடி. மற்றது பித்தளை. மேலே நெட்டையாக ஒரு கைப்பிடி, பக்கத்தில் சுண்டுவிரல் அளவுக்கு இன்னொரு குட்டிக் கைப்பிடி. கழுத்து வளைந்து நின்ற அழகு இருக்கிறதே, கோயில் தூங்கா விளக்கில்கூட நான் அப்படி ஒரு பித்தளை வேலையைப் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிடாத குறை.

"கோன்ஸா லகாயேகா, மிஸ்திரி?" என்று எதை மாட்டப்போகிறாய் எனக் கேட்டார் தாஸ் பாபு.

"யே வாலா, பாபு. இஸ்மே தோ ஹேண்டில் ஹை" என்றேன். ஒன்றுக்கு இரண்டு கைப்பிடி இருக்கிறதே, வேறென்ன காரணம் வேண்டும்?

நான் பெரிய நிபுணன் என்று தாஸ் பாபுவுக்குத் திருப்தி. பெரிய கைப்பிடியை முழுசாகத் திறக்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது, குட்டிக் கைப்பிடியால் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று கல்கத்தா வியாபாரி சொன்னதை அவர் ஒப்பித்தார். கூட்டுவது சரி. குறைப்பதற்கு ஒருவன் எதற்குக் குழாய் செய்கிறான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மாட்டுமுன் குழாயைக் கழுவலாம் என்று பிரித்தேன். உள்ளே கூம்பு மாதிரி ஒரு சாமான் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கப்பலில் தூசி போகாமலிருக்க வைத்த ஆப்பு, எடுக்க மறந்துவிட்டார்கள் என்று தீர்மானித்தேன். (பீரின் வேகத்தை அடக்கி நுரைக்காமல் இறக்குவதே அந்தக் கூம்புதான். குட்டிக் கைப்பிடி அசைப்பதும் அதைத்தான்.) பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நம் ஊர் அழுத்தத்தின் யோக்கியதை தெரிந்தவன் ஆயிற்றே, சிலிண்டரையும் போகிற மட்டும் திறந்துவிட்டேன்.

விருந்து மதிய வேளையில். நல்ல வெயில். கப்பல் ஜெட்டியிலிருந்து ஜீப்பில் குலுங்கி வந்த பீப்பாயை மீன் ஐஸ் நடுவில் உட்கார வைத்திருந்தோம். (லேசாக வஞ்சிர வாடை அடித்தது.) சாஹிப் கழுத்தில் மாலை. பட்டுப் புடவைகள், கோட்டுகள். மாமா வெள்ளை யூனிஃபார்ம், விசிறி வைத்த தலைப்பாகை சகிதம் கண்ணாடி டம்ளரைக் குழாயடியில் பிடித்துக் கைப்பிடியை இழுத்தார்.

புஸ்ஸென்று சத்தம் வந்தது. டம்ளர் நிறைய வெள்ளை நுரை.

"என்னப்பா இது, சவக்காரத் தண்ணியா வருது?" என்றார் மாமா உதட்டை அசைக்காமல்.

"பிரஷர் பத்தல மாமா. இருங்க, கூட்டுறேன்" என்று அவர் பாதியில் நிறுத்தியிருந்த பெரிய கைப்பிடியைக் கடைசிவரை இழுத்தேன்.

அடேயப்பா! அப்போது வந்ததைப் பீர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாய்ந்த வேகத்தில் டம்ளர் கையை விட்டுப் போனது. நுரை மாமாவின் நெஞ்சில் அடித்து, மீசையில் ஏறி, தலைப்பாகை விசிறியைச் சாய்த்தது. மேஜைவிரிப்பு காணாமல் போயிற்று. நான் ஓடியிருக்க வேண்டும். ஆனால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வாழ்நாளெல்லாம் சொட்டுச் சொட்டாகப் பார்த்தவன், ஒரு குழாய் இப்படியும் கொட்டும் என்று முதல் தடவையாகப் பார்க்கிறேன். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

சிலிர்த்தது எனக்கு மட்டுமல்ல. சமையலறை வாசலிலிருந்து யாரோ, "பானி ஆ கயா! பால்டி லாவ்!" என்று தண்ணீர் வந்துவிட்டதாகக் கத்தி வாளி கேட்டார்கள். அவ்வளவுதான். சமையற்காரர், தோட்டத்து மாலி, டிரைவர் எல்லோரும் தண்ணீர் வந்த தெருவைப் போல வாளியும் தவலையுமாக ஓடிவந்து வரிசை போட்டுவிட்டார்கள். "ஏய், என் வாளிக்கு அப்புறம்தான் உன்னுது!" என்று சண்டை வேறு. ஓர் அதிகாரியின் மனைவி பூஜாடியிலிருந்த பூவை உருவிப் போட்டுவிட்டு ஜாடியை நீட்டினார். டாலிகஞ்சோ பங்களாவோ, ஓடுகிற குழாயைக் கண்டால் தீவுக்காரர் கை சும்மா இருக்காது.

முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினேன். கூடவே அந்தக் கூம்பும் வந்து காலடியில் விழுந்தது. அது கிடந்த கிடப்பையும் குழாய் பாய்ந்த பாய்ச்சலையும் மாறி மாறிப் பார்த்தேன். ஆப்பசைத்த குரங்கு யார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சிலிண்டரை அடைத்துக் குழாயைக் கழற்றிக் கூம்பை உள்ளே வைத்து முடுக்கினேன். கேஸைக் கொஞ்சமாகத் திறந்து, குட்டிக் கைப்பிடியைத் தாழ்த்தி, "இப்ப இழுங்க மாமா" என்றேன். அழுகிற குரலில்தான் சொன்னேன்.

சத்தமே இல்லாமல் இறங்கியது ஐயா, பொன் நிறத்தில்! சாய்த்துப் பிடித்த டம்ளரின் ஓரமாக வழுக்கி, அடியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி ஏற, மேலே இரண்டு விரற்கடை நுரை கட்டி நின்றது. வாளிக்காரர்கள் வாளியைக் கீழே வைத்தார்கள். நான் தொட்டு நக்கியும் பார்த்திராத வஸ்து, ஆனால் அதைவிட அழகாக எதுவும் என் கையிலிருந்து இதுவரை வந்ததில்லை.

அடுத்த டம்ளரை வைத்தார் மாமா. குழாய் கொர்ரென்று ஓர் ஏப்பம் விட்டு ஓய்ந்தது. பீப்பாய் காலி.

மீசையெல்லாம் நுரையோடு, அந்த ஒற்றை டம்ளரைத் தட்டில் ஏந்திக்கொண்டு மாமா நடந்த நடை இருக்கிறதே, ராஜநடை. சாஹிப் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே மூச்சில் குடித்து முடித்து, "வாஹ்!" என்றார். டம்ளரைத் தட்டில் வைத்தார்.

"ஏக் அவுர்" என்றார். இன்னொன்று வேண்டுமாம்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை.

எல்லோரும் போனபின், வாளி வாளியாக நின்ற வெள்ளை மலைகளுக்கு நடுவில் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "மாமா, அந்த மதுரை ஜாதகம்..."

"மொதல்ல நுரை அடங்கட்டும்" என்றார் வாளியைப் பார்த்தபடி.

கப்பல் புறப்படும் அன்று ஜெட்டியில் போய் நின்றேன். மாமா கடிதத்தோடு வந்தால் என் கதை முடிந்தது. வந்தார். கையில் கடிதம் இருந்தது. பின்னால் காலிப் பீப்பாயைக் கூலிகள் உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

கடிதத்தைக் கப்பல் ஆள் கையில் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "மதுரைக்காரவுகளுக்கு ஒத்துவராதுன்னு எழுதிட்டேன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன்னை நாலு சாத்து சாத்தணும்னுதான் இருந்துச்சு. ஆனா இந்த ஊருக்கு வந்த நாள்லருந்து ஒரு குழாய் இம்புட்டு வேகமா ஊத்தி நான் பாத்ததில்லப்பா. கண்ணுக்குள்ளயே நிக்குது. வீட்டுல சொன்னேன், சரோஜா விழுந்து விழுந்து சிரிக்குது. இவரைக் கட்டிக்கிட்டா தண்ணிக் கஷ்டமே இருக்காதுங்குது. நான் என்னத்தைச் சொல்ல?"

கிளப் அதன்பின் பாட்டிலுக்கே திரும்பி, பித்தளைக் குழாயை மாமாவிடமே தள்ளிவிட்டது. எங்கள் கல்யாணத்தில் சீர் வரிசையாக வந்த அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளத்துக்கு நடுவே, புளி போட்டுத் தேய்த்த அந்தக் குழாயும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை எங்கள் தண்ணீர் டிரம்மில் மாட்டினேன், இன்றும் அங்கேதான் இருக்கிறது. மாதம் ஒருமுறை பிரித்துக் கூம்பைக் கழுவி, மறக்காமல் திரும்ப வைக்கிறேன். பேரன் பேத்திகள் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று முணுமுணுத்தால் போதும், சமையலறையிலிருந்து சரோஜாவின் குரல் வரும்.

"தாத்தாவைக் கூப்பிடுங்கடா, ஆப்பைப் பிடுங்கி விடுவாரு. அதுக்கு மின்னாடி எல்லாரும் வாளியை எடுத்து வரிசையில வைங்க!"