கோழிக்கு உரித்த பூண்டு

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த முதல் நாளே தசரதன் ஒரு சபதம் எடுத்தார். சமையல்கட்டு வேலையில் கை வைப்பதில்லை. அண்ணாமலையாரே மலையிறங்கி வந்து ஒரு வெங்காயம் உரிக்கச் சொன்னாலும் மாட்டார்.

மனைவி எல்லம்மாள் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த அம்மாள் பேசாமல் இருக்கும்போதுதான் மனுஷன் உஷாராக இருக்க வேண்டும். இவர் இருக்கவில்லை.

பொழுது போக ஆறு நாட்டுக்கோழி வாங்கினார். "என் கோழி முட்டையை உடைச்சா உள்ள தீபம் ஏத்தின மாதிரி இருக்கும்" என்று பழைய ஆபீஸ் சிநேகிதர் கோதண்டராமனிடம் அளந்துவிட்டு, அடுத்த மாசம் சம்சாரத்தோடு சாப்பிட வரச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒன்றை உடைத்தால், மஞ்சள் கரு வெள்ளைக் கருவுக்குத் தங்கச்சி போல வெளுத்துக் கிடந்தது.

"இன்னாடி இது, சோகை புடிச்சாப்ல?"

"வெறும் தவுடு போட்டா வேற எப்படி இருக்கும்? கீழ்பென்னாத்தூர்ல எங்க மாமா முருங்கக்கீரையும் செண்டுமல்லி இதழும் போடுவாரு. கரு செவசெவனு வரும். வயித்துல பூச்சி வராம இருக்க ரெண்டு பல்லு பூண்டு, துளி மஞ்சத்தூளு."

"அவ்ளோதானே? செஞ்சி போடு."

"நான் செஞ்சா திங்காதுங்க. வளக்கறவங்க கைவாசன இருக்கணும். கோழிக்கு மோப்பம் ஜாஸ்தி."

கோழிக்கு மோப்பம் ஜாஸ்தி என்றால் போலீஸ்காரர்கள் ஏன் நாய் வளர்க்கிறார்கள் என்று தசரதன் கேட்டிருக்கலாம். கேட்காமல் முறத்தோடு உட்கார்ந்தார்.

கீரை ஆய்ந்தார். பூண்டு உரித்தார். உரித்த உரிப்பில் கையேறிய வாடைக்கு, கிரிவலப் பாதைக் குரங்குகள் அவர் கையிலிருந்த வாழைப்பழத்தைக்கூடத் தொடாமல் ஒதுங்கிப் போயின.

"போதுமாடி?"

"இன்னும் ஒரு கைப்பிடி. அப்படியே இஞ்சியும் தோல் சீவிடுங்க."

"கோழிக்கு இஞ்சியா?"

"அதுங்களுக்கு அஜீரணம்."

கோழிக்குப் போனது ஒரு பிடி. "ஜாஸ்தி போட்டா சூடுங்க" என்று மிச்சத்தை எல்லம்மாள் உள்ளே எடுத்துப் போனாள். மாசம் பூராவும் பூண்டுக் குழம்பு, கீரைப் பொரியல், இஞ்சித் துவையல். தசரதன் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். கருவும் நிஜமாகவே சிவந்துவிட்டது.

சொன்னபடி கோதண்டராமனும் அவர் சம்சாரம் பச்சையம்மாளும் வந்தார்கள்.

"இன்னாப்பா, மடியில முறம்? சபதம் இன்னாச்சு?" என்றார் கோதண்டராமன்.

"இது கோழிக்குப்பா. பொண்டாட்டிக்கு உரிச்சா அப்ப கேளு."

நெஞ்சை நிமிர்த்தி ஆஃப்பாயிலை நீட்டினார். கரு தகதகத்தது. கோதண்டராமன் தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தசரதனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பச்சையம்மா, ஒரு டஜன் எடுத்துக்கினு போம்மா."

பச்சையம்மாள் தட்டைப் பார்க்கவே இல்லை. முறத்தில் உரித்துக் குவித்த பூண்டைப் பார்த்தாள். அடுப்பில் கொதிக்கும் குழம்பை எட்டிப் பார்த்தாள். பிறகு எல்லம்மாளைப் பார்த்துச் சொன்னாள்:

"முட்டை வேணாங்க்கா. அந்தக் கோழில ரெண்டு குடுங்க. எங்க வூட்டுக்காரரும் நாளைல இருந்து உரிக்கட்டும்."