ஒருக்களிச்ச அக்காவின் கால் கட்டைவிரல்

பாளையங்கோட்டையில் நின்றுகொண்டு அதிகாரம் பண்ணியவர்கள் உண்டு, நாற்காலியில் உட்கார்ந்து பண்ணியவர்கள் ஏராளம். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நாற்பது பெண்களைக் கிடுகிடுக்க வைத்த ஆள் இந்தப் பூலோகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் ஹாஸ்டல் வார்டன் ஒருக்களிச்ச அக்கா.

ஞானஸ்நானத்தில் வைத்த பேர் என்று ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. விடியற்காலையில் கதவைத் தடதடவென்று தட்டி, "ஏட்டி, ஒருக்களிச்சு எந்திரி! மல்லாக்கப் படுத்து அப்படியே நிமிந்தே, முதுகெலும்பு தனியா வந்து கையில நிக்கும்!" என்று கத்துகிற மனுஷிக்கு வேறென்ன பேர் வைக்க முடியும்?

அது வேலைக்குப் போகிற பெண்களுக்கான விடுதி. நர்சுகள், டீச்சர்கள், ஜவுளிக்கடையில் பில் போடுகிற பிள்ளைகள், ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நான். கீழ்த்தளத்துக்கு மேல் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அக்கா ஒவ்வொரு மாடியாக ஏறி, ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து, ஆள் இருக்கிறதா, ஹீட்டர் ஓடுகிறதா, ஒளித்துவைத்து நூடுல்ஸ் கொதிக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்பாசமுத்திரத்து வீடு தம்பி கைக்குப் போய்விட்டது. ஆபீசை ஒட்டின அந்த ஒற்றை அறைதான் அவருக்கு வீடு, ஊர், சொத்து எல்லாம். அடுத்து நடந்த கூத்து அத்தனையும் அந்த அறைக்காகத்தான்.

எல்லாம் ஒரு தண்ணீர் கேனில் ஆரம்பித்தது. கேன்காரர் அதை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். கூப்பிட்டும் யாரும் வராத கோபத்தில் அக்கா குனிந்து, ஒரே தூக்காகத் தூக்கினார். "சடக்குன்னு ஒரு சத்தம், எனக்கு அடுப்படியில கேட்டுச்சு" என்று மெஸ் சமையல்கார அம்மா இன்றைக்கும் சத்தியம் பண்ணுவாள். அந்த நிலையிலும் கேனை ஸ்டாண்டில் ஒழுங்காக வைத்து, கேனின் வாயைத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அக்கா விழுந்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். கீழ் முதுகில் எலும்புக்கு நடுவே இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை அமுக்குகிறது, அதனால்தான் புட்டத்திலிருந்து பாதம் வரை மின்னல் மாதிரி இழுக்கிறது என்றார் டாக்டர். நல்ல மனுஷர், கத்தியை உடனே எடுக்கிறவர் இல்லை. "முக்கால்வாசிப் பேருக்கு இது தானாவே அடங்கும்மா. ஆறு வாரம் பாப்போம். ஆனா மூணு விஷயம். கால் விரல்ல பலம் குறைஞ்சாலோ, உக்காருத இடம் மரத்துப் போனாலோ, ஒண்ணுக்குப் போறதுல சிக்கல் வந்தாலோ அந்த நிமிஷமே இங்க வரணும். நாளைக்கு வாறேன்ங்கிற பேச்சே கூடாது" என்றார்.

மறுநாள் விடுதிக் கமிட்டிச் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"ஆபரேஷனப் பண்ணிட்டா சோலி முடிஞ்சுதுல்லா? எம் மச்சினன் பண்ணிட்டு மறுநாளே நடந்தானே."

"டாக்டர் பண்ணச் சொன்னா பண்ணுவேன் ஐயா. அவரே வேண்டாங்கும்போது எதுக்குக் கீறணும்?"

"சரிம்மா, ஆறு வாரம் கழிச்சு வாறேன். மூணாவது மாடி வரைக்கும் ஏறி இறங்கிக் காட்டணும். மேல ஒரு பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஓடி ஏற ஆள் வேண்டாமா? முடியலேன்னா கமிட்டி வேற ஆளத்தான் பாக்கணும். கோவிச்சுக்கிடாதிய."

அக்கா கோவித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே ஆட்சியைப் படுக்கைக்கு மாற்றினார்.

மூன்றாவது மாடியில் ஜெபா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் தங்கியிருந்தாள். அவள் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தது எளிமையான விஷயம். குப்புறப் படுக்கணும், முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கணும், அப்புறம் எழுந்து கொஞ்சம் நடக்கணும், ரொம்ப நேரம் உட்காரக் கூடாது. அக்கா அதைச் சட்டமாக்கிவிட்டார். ஆபீஸ் நடுவில் பத்தமடைப் பாய் விரித்தாகிவிட்டது. போன் அங்கே, சாவிக்கொத்து அங்கே, வரவேற்பும் அங்கேயே. தன் முதுகுக்கு வந்தது ஊர் முதுகுக்கு வரக்கூடாது என்று எங்களுக்கும் அதே கசரத்து. சாயங்கால ஜெபம் முடிந்ததும் ஹாலில் நாற்பது பேரும் நைட்டியோடு குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கினோம். குனிந்து வாளி எடுத்தவளுக்கு ஒரு வாரம் பாத்ரூம் கழுவுகிற வேலை.

வந்தவர் போனவரெல்லாம் வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி மாமா முதுகில் ஏறி மிதிப்பாராம். இன்னொருத்திக்கு எண்ணெய் தெரியும். அக்கா அதற்கும் ஒரு விதி போட்டார். யோசனை சொல்லணுமா, பக்கத்தில் குப்புறப் படுத்துச் சொல்லணும். பாதிப்பேர் வாசலோடு போய்விட்டார்கள். படுத்தவர்களில் முக்கியமானவர் செயலாளர். இடையில் ஒருநாள் நிலைமை பார்க்க வந்த இடத்தில், "படுங்க ஐயா, கழுத்த ஒடிச்சு மேல பாத்துப் பேச எனக்கு முடியல" என்று அக்கா சொல்ல, மனுஷர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கஞ்சி மொடமொடக்கப் படுத்தார். பேசி முடித்ததும் எழுந்திருக்க வரவில்லை. கை ஊன்றினார், முட்டி ஊன்றினார், முனகினார்.

"ஐயா, ஒருக்களிங்க. கால மடக்குங்க. இப்ப கைய ஊனுங்க. ஆங்."

எழுந்து நின்று சட்டையைத் தட்டினார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அக்கா முகம் மலர்ந்தது. "ஆனா மாடி ஏறணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வலி காலை விட்டு மேலே ஏறி முதுகுக்குள் ஒடுங்கினால் நல்ல அறிகுறி என்று ஜெபா சொல்லியிருந்தாள். அக்கா அதற்குத் தாமிரபரணியையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். இடுப்பு பாபநாசம், ஆறு இறங்குகிற இடம். பாதம் புன்னைக்காயல், கடலில் சேருகிற இடம். "இன்னைக்கு எங்கக்கா நிக்கு?" என்று கேட்டால், "ஸ்ரீவைகுண்டம்டி, கெண்டைக்கால விட்டு நகரமாட்டேங்கு" என்பார். பத்து நாளில் முழங்கால், அதாவது வண்ணார்பேட்டை. பிறகு தொடையில் சேரன்மகாதேவி. வேலைக்குக் கிளம்புகிற பிள்ளைகள் எல்லாம் "அக்கா, இன்னைக்கு எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார்கள்.

எனக்கு மட்டும் தனியாக ஒரு உத்தியோகம். யாராலும் திறக்க முடியாத ஊறுகாய் பாட்டிலைத் திறக்கிறவள் என்பதால், தினமும் காலையில் அக்காவின் கால் கட்டைவிரலைச் சோதிக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. அவர் விரலை மேலே தூக்கிப் பிடிக்கணும், நான் என் விரலால் கீழே அமுக்கணும். அமுங்காவிட்டால் நரம்பு நன்றாக இருக்கிறது. வேடிக்கையாகத்தான் தொடங்கினோம். நாள் ஆக ஆக, அந்தக் காலருகே உட்காரும்போது வேடிக்கை குறைந்துகொண்டே வந்தது. இவ்வளவு பெரிய மனுஷியின் வீடும் வாசலும் என் கைக்கு அடியில் இருக்கிற ஒரு விரலில் நிற்கிறதே என்று இருக்கும்.

ஆறாவது வாரம் வலி புட்டத்துக்கு, அதாவது அம்பாசமுத்திரத்துக்கே வந்துவிட்டது. "எங்க ஊருல்லா, இனி இறங்காது" என்றார் அக்கா. அந்தத் திமிரில், நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போன நேரத்தில், எங்களுக்குத் தெரியாமல் மாடி ஏறிப் பார்த்திருக்கிறார். ஒரு தரம் இல்லை, திரும்பத் திரும்ப. சமையல்கார அம்மா தடுத்தும் கேட்கவில்லை.

மறுநாள் காலை விரலை அமுக்கினேன். அது என் கைக்குக் கீழே போய்விட்டது.

"அக்கா, தூக்குங்க."

"தூக்கிட்டுத்தாம்டி இருக்கேன்."

இன்னொரு தரம் அமுக்கினேன். இன்னொரு தரமும் விழுந்தது.

"உன் கை இன்னைக்கு ரொம்ப பலமா இருக்கு. ராத்திரி என்ன தின்ன?"

"உப்புமா."

"நம்ம மெஸ் உப்புமாவா? அதத் தின்னா இவ்வளவு பலம் வராதே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. பிறகு ரகசியமாக, "ஞாயித்துக்கிழமை ஐயா வரும்போது ஏறிக் காட்டிட்டா ரூமு எனக்கு. திங்கக்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன். யார்ட்டயும் மூச்சு விடாத பிள்ள" என்றார்.

அவர் என்னை 'பிள்ள' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் அவர் வாயில் நான் மூணாம் நம்பர் ரூம். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. "கோட்டி பிடிச்சிருக்காக்கா உங்களுக்கு? கால் போனா ரூம வச்சு என்ன செய்வீங்க? ஒருக்களிச்சு எந்திரிங்க!" என்று கத்திவிட்டேன். மெஸ்ஸில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று. அக்கா என்னை முறைத்தார். பிறகு ஒருக்களித்து எழுந்தார்.

அவரால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை என்பதால், பில் போடுகிற பிள்ளை ஒருத்தியின் அண்ணன் வைத்திருந்த குட்டியானை லோடு வண்டிதான் கிடைத்தது. பின்னால் மெத்தை போட்டுப் படுக்க வைத்து, ஜெபா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வண்ணார்பேட்டை நெரிசலில் மாட்டிக்கொண்டோம். முன்னே பஸ், பின்னே பஸ், அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தோம். ஜெபா அடிக்கடி அந்த விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா குப்புறப் படுத்தபடியே, "தம்பி, மேடு வருது, பைய, பைய!" என்று அவரே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் நின்ற பெரியவர் ஒருத்தர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, மரியாதையாகத் தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிட்டார். அக்கா தலையைத் தூக்கி, "இன்னும் சாகல வே. உம்ம சோலியப் பாரும்" என்றார். அந்த மனுஷர் வண்டியோடு சாயப் போனார்.

டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "குறைஞ்சிருக்கு. முழுசாப் போகல. நல்லவேளை, இன்னைக்கே வந்திய. நரம்புப் பக்கத்துல ஒரு ஊசி போடுதேன். கத்தி இல்லாம இன்னும் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். மாடிப்படி பக்கமே போகக்கூடாது. இதுக்கு மேல விரல் இறங்கிச்சுன்னா பேச்சே இல்ல, ஆபரேஷன்தான்."

"ஞாயித்துக்கிழமை ஒருநாள் மட்டும் ஏறலாமா?"

டாக்டர் பேனாவை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வரை விரல் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அக்கா கோயில் ஆராதனைக்குக் கட்டுகிற பட்டுப்புடவையை எடுக்கச் சொன்னார். கொசுவம் வைத்துவிட்டது நான்தான். இந்தப் பிடிவாதக்காரி ஏறத்தான் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. எட்டு மணிக்குச் செயலாளர் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரோடு வந்து படிக்கட்டருகே நின்றார். மூன்று மாடிக் கைப்பிடிகளிலும் தலைகள். அக்கா முதல் படியில் காலை வைத்தார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏற மாட்டேன் ஐயா."

கண்ணைத் திறந்தேன். கால் மறுபடி தரையில் இருந்தது.

"முடியலையாம்மா?"

"ஏறிருவேன். மூணு மாடியும் ஏறிருவேன். அதுக்கப்புறம் இந்தக் கால் எனக்கு இல்ல. ரூமக் காலி பண்ணிக்கிடுதேன்."

மேலேயிருந்து ஜெபாவின் குரல் வந்தது. "அவுக எதுக்கு ஏறணும்? நாங்க இறங்குதோம்!" சொல்லிக்கொண்டே படபடவென்று இறங்கினாள். அவள் பின்னால் அவள் அறைக்காரி. அவள் பின்னால் மூன்றாவது மாடி முழுக்க. யாரும் பேசி வைத்துச் செய்யவில்லை. ஒருத்தி தலையில் துண்டு, ஒருத்தி கையில் பல் பிரஷ், ஒருத்தி பாதி சாப்பிட்ட தட்டோடு. நாற்பது பேரும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றோம்.

"தெனமும் எட்டு மணிக்கு இறங்கி வந்து தலையக் காட்டுதோம் ஐயா" என்றாள் ஜெபா. "மேல ஒண்ணுன்னா நர்சு அஞ்சு பேரு இருக்காவ, அக்காவ விட வேகமா ஓடுவாவ."

"எத்தன நாளைக்கு?"

"அவுக ஏறுத வரைக்கும்."

செயலாளர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கமிட்டி ஆட்களையும் பார்த்தார். "அப்ப சரி" என்றார்.

அக்கா கைப்பிடியை விட்டார். பிறகு, "ஏட்டி பதினேழு, நைட்டிக்கு மேல துண்டப் போடு, ஐயா நிக்காவ" என்று அதட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு வலியிலும் கண் கலங்காத மனுஷி, தோள் குலுங்க அழுததை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

விரலுக்குப் பலம் பைய பைய, மாசக்கணக்கில் திரும்பியது. கத்தி படவே இல்லை. ஐப்பசி மழை நேரத்தில் டாக்டர் அனுமதி கொடுத்து, அக்கா மறுபடி மூன்றாவது மாடிக்கு ஏறினார். ஏறின வேகத்தில் ஆறு பேருக்குத் திட்டு, இரண்டு ஹீட்டர் பறிமுதல். ஹாஸ்டலே கைதட்டியது.

மறுநாள் எட்டு மணிக்கு அக்கா படிக்கட்டுக்கு வந்தபோது, நாங்கள் எல்லாரும் கீழே வந்து நின்றுகொண்டிருந்தோம். "எதுக்குட்டி வந்திய? நான்தான் ஏறுதேனே?" என்று கத்தினார். ஒருத்தியும் மேலே போகவில்லை. நான் அந்த விடுதியைக் காலி பண்ணுகிற நாள் வரைக்கும், அக்கா ஏறிக்கொண்டுதான் இருந்தார். நாங்களும் இறங்கி வருவதை நிறுத்தவே இல்லை.