மூன்றாம் தரம் கேட்காத ஜெர்மன்காரர்

மரியாதை மிஞ்சினால் பட்டினி கிடக்க நேரிடும் என்பதை நான் ஜெர்மன் மொழியில்தான் கற்றுக்கொண்டேன். தமிழிலேயே யாராவது சொல்லித் தந்திருக்கலாம்.

எழுபதுகளில் நான் கொழும்புத்துறையில் வேலையில்லாத பட்டதாரி. (அப்போது பட்டதாரி என்று மட்டும் சொன்னாலே போதும், மற்றது விளங்கிவிடும்.) காங்கேசன்துறைக்கு யந்திரம் பூட்ட வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர் மொழிபெயர்க்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். கறையான் தின்று மிச்சம் வைத்த ஒரு புத்தகத்தில் ஜெர்மன் படித்திருந்த எனக்கு, அந்த வேலை என் பெயர் எழுதி வைத்தது போலத் தோன்றியது. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது ஜெர்மன்காரருக்குப் பிடிக்காது, முதலில் பணிவாக நாள் கேட்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அதற்கான வாக்கியத்தைக் கொல்லையில் நின்ற பூவரசிடம் ஒரு வாரம் சொல்லிப் பழகினேன்.

புறப்படும்போது அம்மா மறித்தார்.

"தம்பி, அவர் கேட்ட உடனை ஓமெண்டு பல்லைக் காட்டிப்போடாதை. வழியில்லாத குடும்பம் எண்டு நினைப்பார். மூண்டு தரம் கேட்டாப் பிறகு சம்மதி."

இதில் புதுமை ஒன்றுமில்லை. வேண்டாம் என்பது வந்தவரின் கடமை, விடாமல் கேட்பது வீட்டுக்காரரின் கடமை. எங்கள் ஊர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

குருநகர் அன்ரன், என் பள்ளித் தோழன், சைக்கிளை மிதித்தான். நான் கரியரில் இருந்து வாக்கியத்தை உருப்போட்டேன். வழியில் அவன் கேட்டான்.

"மச்சான், ஓம் எண்டதுக்கு உவங்கள் என்ன சொல்லுறவங்கள்?"

"யா."

"அவ்வளவுதானோ? இதுக்கோ நீ ஒரு வருசமாப் படிக்கிறாய்?"

ஜெர்மன்காரர் வாசலிலேயே சிரித்த முகத்துடன் வரவேற்றார். நான் மூச்சை இழுத்து, "த்யூர்ஃப்டே இஹ் ஸீ உம் ஐனென் டெர்மீன் பிட்டன்?" என்றேன். தங்களைச் சந்திக்க ஒரு நேரம் தருவீர்களா என்பது பொருள். மனுசன் அசந்துபோய், இருவரையும் உள்ளே கூப்பிட்டு இருத்தினார். வேலை கிடைத்தே விட்டது என்று மனதுக்குள் கூத்தாடினேன்.

கோப்பி குடிக்கிறாயா என்று கேட்டார். "நைன், டாங்கே" என்றேன். வேண்டாம், நன்றி. அவர் "கூட்" என்று தலையாட்டி, எனக்கு முன்னால் இருந்த கோப்பையை எடுத்து அப்பால் வைத்தார். நல்லது என்கிறாராம்! அன்ரன் "யா" என்றான். அவனுக்குக் கோப்பியும் கேக்கும் வந்தன.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வர வசதியா என்று அடுத்துக் கேட்டார். உங்களுக்கு ஏன் வீண் சிரமம் என்ற பாவனையில் நெளிந்துகொண்டு, "நைன், நைன்" என்றேன். அப்படியானால் புதன்கிழமை? "நைன்." கை கூப்பிக்கூடச் சொன்னேன்.

இனி மூன்றாம் தரம். 'யா'வை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "கூட்" என்று எழுந்து, எனக்கு வருத்தத்தோடு கை கொடுத்துவிட்டு, அன்ரனிடம் திரும்பி, "நீ வருவாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வாய் நிறையக் கேக்கோடு அவன் சொன்னான்: "யா!"

திரும்பும் வழியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கரியரில் இருந்ததால் அன்ரனுக்குத் தெரியவில்லை. அவன் சீட்டியடித்துக்கொண்டு மிதித்தான். செவ்வாய்க்கிழமை போய், தெரிந்த ஆங்கிலத்தை வைத்தே வேலையில் சேர்ந்தவன், இரண்டொரு வருடத்தில் அந்த ஜெர்மன்காரரின் உதவியோடு ஜெர்மனிக்கே போய்விட்டான். என் வாக்கியத்தின் அர்த்தம் இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது.

என் கலியாணத்துக்கு வந்தவன் சும்மா இருந்தானா? முழுக் கதையையும் என் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உபசாரம் ஒரு தரம்தான். பழக்கதோசத்தில் நான் "போதும், வேண்டாம்" என்றால், மனைவி "கூட்" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நேற்றும் அறக்குளா மீன் குழம்பு அப்படித்தான் குசினிக்குள் போனது. நான் "யா, யா!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன்.