இன்னும் வேகாத சாவி

"சாவி வேகுதுப்பா. இப்ப எடுக்கக்கூடாது," என்றான் ஆர்லோ.

மணற்குழி ஓரத்தில் நின்ற மர்ரேவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பத்து மணிக்கு மரவாடியில் மேஸ்திரி வேலைக்கு நேர்காணல். மகனைக் குழந்தைகள் மையத்தில் விட்டுவிட்டுப் பறக்க வேண்டியவன், அவன் பையை ஆணியில் மாட்டும் நேரத்துக்குக் கார் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்தான். திரும்பினால் காணோம்.

போன வாரம் ஊர்ப் பொதுக்கூடமான மராயேயின் முற்றத்தில் ஹாங்கி என்ற குழிச்சமையல் போட்டதை இந்த நாலு வயதுக் கூட்டம் பார்த்திருந்தது. குழிக்குள் சுட்ட கல், இறைச்சி, கிழங்கு, பூசணிக்காய், முட்டைக்கோஸ் இலை, மேலே மண். மூடிவிட்டால் வேகும்வரை எவனும் தொடக்கூடாது. இன்று கிழங்குக்குப் பதில் சாவி.

மர்ரே மண்வெட்டியை எடுத்தான்.

"வேணாம் மர்ரே," என்று ஜெனீன் குறுக்கே வந்தாள். பெற்றோரே முறைபோட்டு நடத்தும் அந்த மையத்தில் இன்றைய பொறுப்பு அவளுடையது. அவளோடு முறைக்கு வரவேண்டிய வெண்டிக்குக் காய்ச்சலாம்; ஜெனீன் காலையிலிருந்தே ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தாள். "அது அவங்க வேலை. பிள்ளைங்க முன்னால போகணும், நாம பின்னால போகணும். நீங்க தோண்டுனா அவங்க யோசனைய மிதிச்ச மாதிரி."

"என் பொழப்ப மிதிச்சா பரவாயில்லையா?"

"அதட்டாம கேட்டுப் பாருங்களேன்."

மர்ரே பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான். "கண்ணு, இப்பவே திறந்தா என்ன ஆகும்?"

"ஆவி போயிடும். பச்சையா இருக்கும். எல்லாருக்கும் வயித்த வலிக்கும்."

ஆவிதானே வேண்டும் என்று மர்ரே ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினான். குழி சேறானது.

"கெடுத்துட்டாரு," என்றாள் கோரா. குழிக்கு அவள்தான் காவல். "இனிமே முதல்லேர்ந்து வேகணும்."

பிள்ளைகள் தள்ளுவண்டியில் மண்ணைக் கொண்டுவந்து இன்னும் மேலே கொட்டினார்கள். மர்ரே சேறான காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தான். கண்மூடித் திறப்பதற்குள் அவையும் பூசணிக்காயாக உள்ளே போயின. டாக்ஸி என்ற ஒன்று அந்த ஊரில் இருப்பதாகக் கேள்விதான். மரவாடிக்குப் போன் போட்டான்.

"சாவி எங்கன்னு சொன்னீங்க?" என்றார் மேலாளர்.

"ஹாங்கிக்குள்ள. இன்னும் வேகல."

"லேட்டா வர்றதுக்கு எத்தனையோ காரணம் கேட்டிருக்கேன். நீங்க வெந்ததும் சாப்பிட்டுட்டே வாங்க. மேஸ்திரி வேலைய நைஜலுக்குக் குடுத்துக்கறேன்."

நைஜலுக்குப் பலகை அடுக்கக் கற்றுக்கொடுத்ததே மர்ரேதான். யாரையாவது நாலு சாத்து சாத்த வேண்டும்போல் இருந்தது. நாலு வயதுப் பிள்ளைகளை என்ன செய்ய முடியும்? வெறுங்காலோடு, பொருமிக்கொண்டே, யார் யார் பிள்ளைகளுக்கோ மூக்கைத் துடைத்துவிட்டான். இரண்டு பேரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனான். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான்.

வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் குழி திறந்தது. இலையில் சுருட்டிய சாவியை ஆர்லோ இரண்டு கையாலும் நீட்டினான். "வெந்துடுச்சுப்பா. முதல்ல உனக்குத்தான்."

ஜெனீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? காலையிலேர்ந்து ஒரே வேலையில மனசு. ஒரு பெரியவங்ககூட வாயத் திறந்து சொல்லித்தரல. முழுசும் பிள்ளைங்களோட சொந்த யோசனை."

மகனின் முகத்தைப் பார்த்ததும் மர்ரேவின் கோபம் இறங்கியது. பிள்ளைகள் தாங்களாகவே செய்தது என்றால் யாரைத் திட்டுவது?

"கத்துனதுக்கு மன்னிச்சுக்கோங்க," என்றான்.

கோரா ஜெனீனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆன்ட்டி, நாளைக்கும் பெரியவங்க ஒரு ஆள் குறைஞ்சு சென்டர மூடணும்னு வந்தா, யாரோட சாவியப் புதைக்கறதுன்னு இன்னிக்கு மாதிரியே காலையிலயே சொல்லிடுங்க."