ஓவிய அறை திறந்த நாளும் நைனா இறந்த விதமும்

இராயபுரம்,
செவ்வாய், மதியம்.

அன்பும் மரியாதையும் கலந்த நைனாவுக்கு, மகள் டெபோரா வணக்கத்துடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அவரும் அத்தையும் குழந்தை ஜூடியும் சுகம். அங்கே நீங்களும் சுகமாக இருப்பதாகத் தம்பி சாவியோ சொன்னான். அதை எங்கள் தெருவில் நம்பவைக்கத்தான் மூன்று வாரமாக வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். என் நம்பரிலிருந்து போன் வந்தால் நீங்கள் எடுப்பதில்லை, எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஜூடிக்கு இழுப்பு வந்துவிடுகிறது. இந்தப் பக்கத்துப் புகைக்கு மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும். இப்போதுதான் தூங்குகிறாள், அதனால் எழுதுகிறேன்.

சாவியோ எல்லாவற்றையும் சொன்னான். நான் ஓவிய அறையைத் திறந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எர்ணாவூரிலிருந்து பஸ் பிடித்து வந்தீர்களாம். எங்கள் தெருமுனை டீக்கடை ஓரமாக நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டீர்களாம். "எங்க நைனா போயிட்டு வர்ற" என்று அவன் கேட்டதற்கு, "என் சாவுக்குப் போயிட்டு வர்றேன்டா, நல்ல கூட்டம்" என்றீர்களாம். அதற்குப் பிறகு அன்று முழுவதும் சாப்பிடவில்லையாம்.

நாலு வருடத்துக்கு முன் நான் உதயாவைக் கட்டிக்கொண்டபோது, கோயில் வாசலில் வைத்து நாலு பேர் கேட்க, "எனக்குப் பொண்ணு கெடையாது, அவ செத்துட்டா" என்று சொன்னீர்கள். அதற்குப் பழி வாங்கத்தான் உங்கள் படத்துக்கு மாலை போட்டு ஊரைக் கூட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களாம். சத்தியமாக இல்லை நைனா. எல்லாம் கைமீறிப் போய்விட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம்.

வீட்டின் முன்னறைதான் நான் படம் வரைகிற இடம். ஒரு நாள் கதவைத் திறந்துவை, ஜனங்கள் வந்து பார்க்கட்டும் என்று காலேஜில் என்னோடு படித்த மெஹ்னாஸ் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரி என்று பதினான்கு படங்களை மாட்டினேன். ஹார்பர், கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு, மீன் ஏலம், இப்படி. அதில் ஒன்று நீங்கள். கிரேன் கேபினிலிருந்து எட்டிக் கீழே பார்க்கிற நைனா. என்னிடம் உங்கள் போட்டோ ஒன்றுகூட இல்லை, ஞாபகத்தில் இருந்துதான் வரைந்தேன். நான் வரைந்ததிலேயே அதுதான் நன்றாக வந்தது, அதனால் வருகிறவர்களுக்கு வீடு தெரியட்டும் என்று வாசலிலேயே வைத்தேன். மஞ்சள் சுவர் படத்தின் நிறத்தைக் கெடுக்கிறது என்று பின்னால் கறுப்புத் துணி கட்டினேன். ஓவியக் கண்காட்சியில் படத்தின் பெயரையும் வருடத்தையும் கீழே எழுதி ஒட்டுவது வழக்கம், அதனால் 'பாஸ்கல், 2025' என்று ஒட்டி, அதன் கீழே 'ஆயில் பெயின்ட், ஓவியம்: டெபோரா' என்றும் எழுதினேன். கீழே இருந்ததை ஜூடி கிழித்து வாயில் போட்டுக்கொண்டாள். அதைத் துப்பவைக்கிற அவசரத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று நான் கவனிக்கவில்லை. வெயிலுக்காக சாமியானா ரவிக்குமாரிடம் சொல்லியிருந்தேன், அவர் சாமியானாவோடு ஐம்பது நீலச் சேரையும் இறக்கிவிட்டுப் போனார். என் மாமியார் குப்பம்மா மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது, "நல்ல காரியம் பண்ற, ஒரு வெளக்கு ஏத்தாம இன்னாத்த படிச்ச நீ" என்று திட்டிக்கொண்டே ஒரு விளக்கை ஏற்றினார். வைக்க வேறு இடமில்லை. உங்கள் படத்துக்கு முன்னால்தான் ஸ்டூல் இருந்தது.

சாமியானா, நீலச் சேர், கறுப்புத் துணி, ஆளின் படம், முன்னால் விளக்கு, கீழே பெயரும் வருடமும். இதெல்லாம் ஒரே வாசலில் சேர்ந்தால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று காலேஜில் யாரும் சொல்லித்தரவில்லை.

எட்டு மணிப் பூசை முடிந்து வந்த எங்கள் தெரு ஃப்ளோரன்ஸ் ஆன்ட்டி வாசலில் அப்படியே நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார்கள். பத்தே நிமிடத்தில் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஜெபமாலையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ மாலை வாங்கி வந்தார்கள், அப்புறம் ஆளாளுக்கு வாங்கி வந்தார்கள். நான் விஷயத்தைச் சொல்ல எழுந்தபோதெல்லாம், "அடக்காத கண்ணு, அழுதுடு" என்று யாராவது என் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டார்கள். யானைக்கவுனியிலிருந்து கேக்கோடு வந்த மெஹ்னாஸ், நிலைமையைப் பார்த்துவிட்டுக் கேக்கைச் சேருக்கு அடியில் தள்ளி, துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானத்துக்குள் ஐம்பது சேரும் நிறைந்தது. அதில் ஒருத்தர்கூட என் படங்களைப் பார்க்கவில்லை. பார்க்க நினைத்தாலும் முடியாது, "பொட்டி வெக்க எடம் வோணுமே" என்று ரவிக்குமார் பதின்மூன்று படங்களையும் கழற்றி அடுப்படியில் அடுக்கிவிட்டு, என்னைக் கேட்காமலே ஃப்ரீசர் பாக்ஸுக்கும் போன் போட்டிருந்தார். ஜூடி எல்லோரும் அழுவதைப் பார்த்துத் தானும் அழுதாள், நடுநடுவே படத்தைக் காட்டி "தாத்தா, தாத்தா" என்றாள். அவளுக்குத் தெரிந்த தாத்தா அந்தப் படம்தான் நைனா. அதைக் கேட்டு மொத்தக் கூட்டமும் இன்னொரு முறை அழுதது.

அன்றைக்கு வந்தவர்களில் உங்களைத் தெரிந்தவர்கள் சொல்ல, உங்களைப் பற்றி நிறையக் கேட்டேன். நான் பிறந்த அன்று நீங்கள் மூன்று தெருவுக்கு மிட்டாய் கொடுத்தீர்களாம். "பொட்டப் புள்ளைக்கா மாமு இவ்ளோ அலப்பற" என்று ஹார்பர் ஆட்கள் கிண்டல் செய்ததற்கு, கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு இரண்டாகக் கொடுத்தீர்களாம். இருபத்தெட்டு வயதில், உங்கள் சாவில் வைத்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் நான் அழுதது நிஜம்தான். யாருக்காக என்று கேட்காதீர்கள்.

அந்த நேரம் பார்த்து அத்தை மார்க்கெட்டிலிருந்து வந்தார். தான் போன பிறகு சேதி வந்திருக்கிறது என்று நினைத்து, மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஒப்பாரி எடுத்தார். "என் வூட்டு வாசப்படி இன்னா முள்ளா சம்பந்தி, ஒரு வாய் சோறு துன்னாம பூட்டியே, பேத்தி மூஞ்சிய பாக்காம பூட்டியே, இன்னா மனுசன்யா நீ." பாதி அழுகை, பாதி திட்டு. நீங்கள் தெருமுனையில் நின்று கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஃப்ரீசர் பாக்ஸ் வந்தது. இறக்கிவைத்த ஆள், "பாடி எங்கக்கா" என்று கேட்டார். தெருவே என்னைப் பார்த்தது. "எர்ணாவூர்ல கீறாரு, இந்நேரம் பேப்பர் படிச்சிக்கினு இருப்பாரு" என்றேன். ஜெபமாலை பாதியில் நின்றது.

"அப்போ எதுக்கும்மா சாமியானா" என்றார் ரவிக்குமார்.

"படம் பாக்க வர்றவங்களுக்கு."

"படம் பாக்க யாரும் வரலியேம்மா."

அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, "ஆளு உசுரோட கீறாரா? அப்போ நேர்லயே திட்டிக்கிறேன், இங்க இன்னாத்துக்குத் தொண்டைய வேஸ்ட் பண்ணிக்கினு" என்று மீனைப் பொறுக்கப் போனார். மெஹ்னாஸ் கேக்கை எடுத்து வெட்டினாள். எல்லோரும் முறைத்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஃப்ளோரன்ஸ் ஆன்ட்டி மட்டும் உங்கள் பெயரில் கொடுத்த முப்பதாம் நாள் பூசையை ரத்து செய்ய மாட்டேன் என்கிறார்கள், உயிரோடிருப்பவருக்கும் அது நல்லதுதானாம்.

நடந்தது இவ்வளவுதான் நைனா. இதில் என் தப்பு என்று பார்த்தால், யோசனை இல்லாமல் நாலு பொருளை ஒரே இடத்தில் வைத்தது ஒன்றுதான். உங்கள் படத்தை உள்ளே எடுத்துவைத்துவிட்டேன். இனி இந்த அறையை யாருக்கும் திறக்கப்போவதில்லை. உங்களை வரச்சொல்லி எழுதவில்லை, வருத்தப்படாமல் வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்லத்தான் எழுதினேன். ஆண்டவர் உங்களுக்கு நிறைந்த ஆயுசைத் தர வேண்டும். கடித முறைக்காக இந்த வரியைப் போடவில்லை, மனசாரப் போடுகிறேன். அன்று கடலில் இருந்த உதயா, கரைக்கு வந்ததும் உங்களுக்குத் தன் வணக்கத்தை எழுதச் சொன்னார். ஜூடியின் முத்தங்கள்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மகள்,
டெபோரா.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போய் மறுபடி பிரித்தேன். ஃப்ளோரன்ஸ் ஆன்ட்டி கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் எனக்கு வாயைத் திறக்க நேரம் இருந்தது. "அப்பா எப்பம்மா எறந்தாரு" என்று தெளிவாகத்தான் கேட்டார்கள். "நாலு வருஷம் ஆச்சு ஆன்ட்டி" என்றேன். "இன்னாம்மா சொல்ற, போன மாசம்கூட கோயில்ல பாத்தேனே" என்றார்கள். "நான் பாக்கல ஆன்ட்டி" என்றேன். துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்துத்தான் அவர்கள் அழுதார்கள். வரும் ஞாயிறு அறையைத் திறந்துவைக்கிறேன் நைனா. நீங்கள் ஒருத்தர் வந்தால் போதும்.