போலந்துப் படத்தின் இரண்டாவது டிஸ்க்

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றபடி ஏலக்காய் மண்டிக்குள் வந்தான் தங்கபாண்டி. தேனியில் சி.டி. வாடகைக் கடை வைத்திருப்பவன். அவன் கையில் 'சாரல்' மாத இதழ் சுருண்டு கிடந்தது.

மண்டியின் கடிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த வைகுண்டராஜ் நிமிர்ந்தார்.

"என்னப்பா?"

"உங்க விமர்சனத்தப் படிச்சுட்டு வடுகபட்டி வாத்தியார் ஒருத்தர் அந்தப் போலந்துப் படத்த எடுத்துட்டுப் போனாரு. மொத டிஸ்க்குல ஒரு படம், ரெண்டாவது டிஸ்க்குல வேற படம்னு வந்து சத்தம் போடுறாரு. நானும் போட்டுப் பாத்தேன். மொதல்ல வர்ற ஒருத்தன்கூட ரெண்டாவதுல இல்லண்ணே. எல்லாம் எழுத்தில்லாத வெள்ளை டிஸ்க்கு. எங்கயோ மாறிப்போச்சு."

"எனக்குக் குடுத்தது?"

"அதே கவருதாண்ணே."

வைகுண்டராஜின் கை தட்டச்சுப் பொறியின் மேலேயே நின்றுவிட்டது.

ஏழு வருடமாக அவர் 'சாரல்' இதழில் 'அயல் திரை' என்ற பகுதியை எழுதி வந்தார். அவருக்குத் தெரிந்த அயல்மொழி ஆங்கிலம். அதுவும் ஏலக்காய் அனுப்பும் அளவுக்குத்தான். ஆனாலும் கம்பத்திலிருந்து பெரியகுளம் வரை, ஈரான் படமா, ஹாலிவுட் படமா, கைக்காசைப் போட்டு எவனோ தனியாளாக எடுத்த படமா, எதுவானாலும் அவர் சொன்னால்தான் பார்ப்பார்கள். தங்கபாண்டி கையிலிருந்த இதழில் அவர் இப்படி எழுதியிருந்தார்:

'பனிக்குள் விளக்காட்டும் ஒரு ரயில்வே காவலாளியின் பின்னால் ஒரு மணி நேரம் நம்மை நடக்க விடுகிறார் இயக்குநர். சட்டென்று அவனைக் கைவிட்டு, கடலோரத்தில் தனியாக வாழும் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறார். அவள் தினமும் இரண்டு தட்டு வைக்கிறாள். யாருக்காக என்று இயக்குநர் சொல்வதில்லை. இருவரையும் இணைப்பது மௌனம் மட்டுமே. என்ன ஒரு துணிச்சல்!'

தனக்கு உண்மையிலேயே சினிமா தெரியுமா என்ற சந்தேகம் ஒவ்வொரு கட்டுரையையும் எழுதி முடித்ததும் அவருக்கு வரும். அச்சில் பார்த்ததும் போய்விடும். இந்த முறை அச்சான பிறகு வந்திருந்தது.

அதுவும் இந்த நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை தேனியின் முதல் திரைப்படச் சங்கம் தொடங்குகிறது. அவர்தான் சிறப்புப் பேச்சாளர். விஷயம் வெளியே தெரிந்தால் 'அயல் திரை' போகும். அதோடு, பிறக்கும் முன்பே சங்கமும் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

"தங்கபாண்டி, யார் கேட்டாலும் அந்தப் படம் வெளிய போயிருக்குன்னு சொல்லு."

"சரிண்ணே."

தங்கபாண்டி சொன்னபடியே சொன்னான். அதுதான் வினையாயிற்று. கையில் கிடைக்காத படம் என்றதும் ஊரே அதைக் கேட்க ஆரம்பித்தது. போடியிலிருந்துகூட ஆள் வந்தது. வியாழக்கிழமை, சங்கச் செயலாளர் ஜெபமணி மண்டிக்குப் போன் செய்தார். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்.

"சார், முன்னால பேசி வச்ச அந்தப் பிரெஞ்சுப் படம் வேணாம். உங்க போலந்துப் படத்தையே போட்டுருவோம். ஊரே அதத்தான கேக்குது!"

"அது வெளிய போயிருக்கே சார்."

"இல்லையே, எங்கிட்டத்தான் இருக்கு. கடையில தங்கபாண்டி இல்ல, அவரு சம்சாரம் இருந்தாக. கேட்டேன், எடுத்துக் குடுத்தாக."

வைகுண்டராஜ் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"தொடக்க விழாவுக்கு ஒரு ஹாலிவுட் படமாப் போடுவோமே சார். எல்லாருக்கும் கதை புரியும்."

"கதை புரியிறதுதான் ஹாலிவுட்டோட வியாதின்னு நீங்கதான சார் போன மாசம் எழுதுனீக?"

வைகுண்டராஜ் போனை வைத்தார்.

சனிக்கிழமை முழுக்க யோசித்ததில் ஒரு வழி தோன்றியது. விழா ஒரு கல்யாண மண்டபத்தின் சின்ன மாடி ஹாலில். மூன்று மணிக்கு ஆரம்பம். ஆறு மணிக்கு அங்கே ஒரு நிச்சயதார்த்தம். ஹாலைக் காலி செய்தாக வேண்டும். அவர் நாலரை மணி வரை பேசிவிட்டால், முதல் டிஸ்க்கோடு ஆறு மணி நெருங்கிவிடும். இரண்டாவது டிஸ்க்குக்கு நேரமே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை நேரம் கடத்தத்தான் பேச ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் அதை மறந்துபோனார்.

"ஹாலிவுட்ல ஒருத்தன் கதவைத் திறந்தா, உள்ள என்ன இருக்குன்னு காட்டுவாங்க. அதையும் அவங்கள மாதிரி அழகா வேற யாரும் காட்ட முடியாது. ஆனா சில பேரு கதவைத் திறந்தவனோட முகத்தை மட்டும் காட்டுவாங்க. காசில்லாம எடுத்த படங்களைப் பாருங்க. செட்டு போட வழியில்லாததால காத்தும் வெயிலும் நடிக்க வந்துரும்!"

ஹாலில் ஒருவரும் அசையவில்லை. நாலரைக்கு அவர் பேசி முடித்தபோது, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மண்டப மேனேஜர் சுருளியாண்டி கண்ணைத் துடைத்தபடி மேடைக்கு வந்தார்.

"சார், இம்புட்டுப் பேச்சுக்கு அப்புறம் படத்தப் பாதியில நிறுத்துனா பாவம். மாப்பிள்ளை வீட்டுக்காரகளக் கீழ உக்கார வச்சுக் காபி குடுத்துக்கிறேன். முழுசாப் பாருங்க!"

ஹாலே கைதட்டியது. வைகுண்டராஜும் தட்டினார்.

படம் ஓடியது. பனி, ரயில், காவலாளியின் விளக்கு. டிஸ்க் மாறியது. கடல், அந்தப் பெண், இரண்டு தட்டுகள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெயமங்கலத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் விசும்புவது கேட்டது. தவறான டிஸ்க் என்று தெரிந்தும் அது நன்றாகவே இருந்தது. அதுதான் வைகுண்டராஜை அதிகம் படுத்தியது.

விளக்கு போட்டதும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெபமணி மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் படத்தைப் புரிஞ்சுக்கிட்டது உலகத்துலயே நம்ம வைகுண்டராஜ் சார் ஒருத்தர்தான்! அவரு கட்டுரைய இங்கிலீஷ்ல மாத்தி, போலந்துல இருக்கிற அந்த டைரக்டருக்கே அனுப்பப் போறோம்!"

வைகுண்டராஜின் கண்முன் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கடிதத்தைப் பிரிப்பது தெரிந்தது. அவர் எழுந்து மைக்கை வாங்கினார்.

"அனுப்ப வேணாம். நான் பாராட்டுன மாதிரி ஒரு படமே உலகத்துல இல்ல. இது ரெண்டு படம். கடையில டிஸ்க்கு மாறிருச்சு. தெரியாமப் பாத்தேன், தெரியாமப் புகழ்ந்தேன். தெரிஞ்ச பிறகும் மறைச்சேன். மன்னிச்சுக்கங்க. இனிமே 'அயல் திரை' எழுத மாட்டேன்."

தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்த கைக்குட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்து வைத்தார்.

"சார் மேல தப்பில்லைங்க" என்று தங்கபாண்டி எழுந்தான். "என் கடையில நடந்த கலப்படம்."

ஜெபமணி மெல்ல உட்கார்ந்தார். வைகுண்டராஜுக்கோ, ஏழு வருடத்தில் முதல் தடவையாக மனசு லேசாக இருந்தது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது.

அப்போது பின்வரிசையிலிருந்து தங்கபாண்டியின் மனைவி பொன்னாத்தாள் எழுந்தாள். கடைக்கு வரும் டிஸ்க்குகளை எல்லாம் ஓடுகிறதா என்று போட்டுப் பார்ப்பது அவள் வேலை. டிஸ்க்குகளைத் திரும்ப வாங்கிப் போக வந்திருந்தாள்.

"கலப்படம் ஒண்ணுமில்லண்ணே, அது மூணு டிஸ்க்கு படம், அந்தாளு இந்தப் பொம்பளையக் கட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள போயிச் சாகுற நடு டிஸ்க்கு கீறல் விழுந்திருச்சேன்னு, நான்தான் எங்க அப்பா வீட்டுத் திராட்சைத் தோட்டத்துல குருவி விரட்டக் கட்டி விட்டுட்டேன்."