தையல்காரர் கடைவாய்ப்பல் விஷயமாகச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் வீட்டிலும் பிள்ளைகளும் சௌக்கியம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமென்றும், நான் செய்துகொடுத்த மேல்வரிசைப் பல்செட் இப்போதெல்லாம் தாங்கள் பேசும்போது கழன்று விழுவதில்லை என்றும் நம்புகிறேன்.

தங்கள் பெண்ணைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஒன்றே ஒன்றுதான்: பல் டாக்டருக்குப் படித்தவள், பல்லைக் குடைய மாட்டேன் என்கிறாள். அவள் என் கிளினிக்கில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. முப்பத்தொரு வருடமாக நான் பல்லில் கறுப்பைக் கண்டால் மெஷினை எடுப்பேன், துளி மிச்சமில்லாமல் வழித்துவிட்டுத்தான் அடைப்பேன். அந்தச் சத்தம் கேட்டால்தான் வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் உள்ளே ஏதோ வைத்தியம் நடக்கிறது என்று நம்பிக்கை வரும். இவள் அறையில் சத்தமே கிடையாது. ஒரு குட்டிக் கரண்டியால் மேலே இளகியிருக்கும் சொத்தையை மட்டும் சுரண்டுகிறாள், அடியில் இருப்பதை அப்படியே விட்டுச் சிமெண்ட் வைத்து மூடிவிடுகிறாள். சாப்பாடு போகாவிட்டால் சொத்தை தானே அடங்கிவிடுமாம். குழந்தைகளின் பாற்பல்லில் ஏதோ மருந்தைத் தடவி, பல் கறுத்துவிடும் ஆனால் சொத்தை நின்றுவிடும் என்று தாயைத் தேற்றி அனுப்புகிறாள். சிலருக்கு அதுவும் இல்லை, இருபது நிமிடம் பல் துலக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வரச்சொல்கிறாள். இருபது நிமிடத்தில் நான் இரண்டு பல்லை அடைத்துவிடுவேன். கேட்டால் அடக்கமாகத்தான் பதில் வருகிறது: "தோண்டினது திரும்ப முளைக்காது மாமா." வருகிற வாண்டுகளோ, சத்தம் இல்லாத டாக்டரக்கா எங்கே என்று என்னிடமே கேட்கிறார்கள். எங்கள் பல் டாக்டர் சங்கத்து மாதக் கூட்டத்தில் என் வயதுக்காரர்களிடம் முறையிட்டேன். இந்த முறை நல்லதுதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் செய்கிறீர்களா என்று கேட்டதும் எல்லோரும் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள்.

போன வாரம் விஷயம் முற்றிவிட்டது. தெருமுனைத் தையல்காரரின் கடைவாய்ப்பல்லை நான்கு மாதத்துக்கு முன் இவள் இப்படித்தான் மூடியிருந்தாள். அவர் பல்லைச் சுத்தம் செய்ய வந்த நேரம் இவள் வெளியே போயிருந்தாள். வந்தது வந்தார், அதையும் பார்த்துவிடலாமே என்று திறந்தேன். நரம்பு வரை போய்விட்டது சம்பந்தி. இப்போது மனிதர் வேர்ச் சிகிச்சைக்காக மூன்று தடவை வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டும். மிச்சம் வைத்தால் இந்தக் கதிதான் என்று நான் நாலு வார்த்தை சொல்ல, தங்கள் பெண் ஒன்றாம் தேதியிலிருந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள். போனால் போகட்டும், எனக்கொன்றுமில்லை. ஆனாலும் பெற்றவர் காதில் போட்டுவைப்பது முறை. தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, ஒழுங்காக மெஷினை எடுக்கும்படி அவளுக்குப் புத்தி சொல்லவும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்கள். தங்கள் குடும்பம் ஒரு குறையுமின்றி, கீழ்வரிசையும் ஆடாமல், நீண்டகாலம் வாழ்க.

தங்கள் பல்லுக்கும் சொல்லுக்கும் கட்டுப்பட்ட,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டியபின் மறுபடி பிரித்திருக்கிறேன். மூடியிருப்பதைத் திறந்து பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. தையல்காரர் விஷயத்திலும் அதுதான் நடந்தது. அடைப்பை எடுத்தபோது அடியில் இருந்த சொத்தை அவள் சொன்னபடியே காய்ந்து, இறுகி, கல்லாகிப் போயிருந்தது. அங்கேயே மூடியிருக்க வேண்டும். கறுப்பைப் பார்த்த கை நிற்கவில்லை. நரம்பைத் தொட்டது நான்தான். அவள் திரும்பி வந்து ஒரு பார்வை பார்த்தாள், புரிந்துவிட்டது. தையல்காரரிடம், "தப்பு எங்க பேர்லதான். நாங்களே சரி பண்ணித் தர்றோம்" என்றாள். எங்களில் யார் என்று அவள் சொல்லவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்த நானும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது சம்பந்தி.

ஆகவே புத்தியெல்லாம் சொல்ல வேண்டாம். போகாதே என்று மட்டும் சொல்லுங்கள். இதை அவளிடம் நானே கேட்டிருக்கலாம். இத்தனை காலம் அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பழகிவிட்டேன். என் வாயைத் திறக்கத்தான் வரவில்லை.